புனுவல் படங்களைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு: எந்த வரிசை, எந்தப் பிரதி, எவ்வளவு செலவு

ஸ்பெயினில் பிறந்த இயக்குநர் லூயி புனுவலின் படங்களை ஓரளவு ஒழுங்காகப் பார்த்து முடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. மூன்று மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. ஓடாத டிஸ்க், ஒட்டாத சப்டைட்டில், கூரியர் கிடங்கில் மாட்டிக்கொண்ட பார்சல், தலைகீழான வரிசை என்று மிச்ச நாளெல்லாம் வீணாகப் போனது. உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் முதல் தவறு, எல்லோரையும் போல அவருடைய முதல் படம் வந்த 1929-இலிருந்து தொடங்கியது. நண்பன் வீட்டு மொட்டைமாடியில் நாலு பேர் உட்கார்ந்தோம். வெள்ளை வேட்டிதான் திரை, புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்தது. படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே சவரக்கத்தி ஒரு கண்ணைக் கிழித்தது. ஒருவன் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனான். வரவில்லை. மற்ற இருவரும் ஒவ்வொரு காட்சிக்கும் ‘இதுக்கு என்னடா அர்த்தம்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கால் மணி நேரப் படத்துக்கு இரண்டு மணி நேரம் விளக்கம் தேடினோம். அடுத்த வாரம் நான் மட்டும்தான் மாடியில்.

பிறகுதான் வேறு வழி பிடிபட்டது. குறியீடு தேடுவதை விட்டுவிட்டு, படத்துக்குப் பணம் போட்டது யார், எத்தனை நாளில் எடுத்தார், எந்த அதிகாரி கையெழுத்துப் போட்டார் என்று பார்க்க ஆரம்பித்தேன். அம்மாவின் பணம், ஒரு பிரபுவின் பணம், லாட்டரிப் பணம், மெக்சிகோ வணிகப்பட முதலாளிகளின் பணம், கடைசியில் ஒரு பிரெஞ்சுத் தயாரிப்பாளரின் பணம். காசு வந்த கை மாறும்போதெல்லாம் படத்தின் குணமும் மாறுகிறது. புனுவலுக்குள் நுழைய எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வாசல் இல்லை.

மொத்தம் 12 படங்கள், ஏறக்குறைய 15 மணி நேரம். வாரத்துக்கு ஒன்று என்றால் மூன்று மாதம். அவர் எடுத்தவை 32 என்று கணக்கு. மிச்சத்தை ருசி பிடித்த பிறகு நீங்களே தேடிப் போவீர்கள்.

1. பணம் கட்டும் முன் பிரதியைச் சரிபாருங்கள்

இந்தப் பகுதி சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் என் காசில் பெரும்பகுதி இங்கேதான் தொலைந்தது.

முதலில் ஓடிடியில் தேடுங்கள். ஒரு மாதம் மூன்று படம் இருக்கும், அடுத்த மாதம் ஒன்றும் இருக்காது. அதனால் வருடச் சந்தா கட்டாதீர்கள். எந்த மாதம் படங்கள் இருக்கின்றனவோ அந்த மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். கிடைக்காதவற்றுக்கு மட்டும் டிஸ்க்.

டிஸ்க் வாங்குகிறவர்கள் பின்னட்டையில் பார்க்க வேண்டியது மண்டலக் குறி. ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ மண்டலம், ஐரோப்பா பி மண்டலம், இந்தியா சி மண்டலம். டிவிடி என்றால் அமெரிக்கா 1, ஐரோப்பா 2, இந்தியா 5. புனுவலின் முக்கியமான பல படங்களை நல்ல தரத்தில் வெளியிட்டிருக்கும் க்ரைட்டீரியன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ப்ளூ-ரேக்கள் ஏ மண்டலம். இங்கே வாங்கிய சாதாரணப் பிளேயரில் போட்டால் திரையில் ஒரு மன்னிப்பு வாசகம் வரும், அவ்வளவுதான். எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் இருந்தால் மட்டும் வாங்குங்கள். நான் முதலில் டிஸ்க்கை வாங்கிவிட்டு அப்புறம் பிளேயர் தேடினேன். நான்கு மாதம் அது அலமாரியில் அழகாக இருந்தது.

அடுத்தது ஓடும் நேரம். ‘நசாரின்’ 94 நிமிடம் என்று எங்கோ படித்திருப்பீர்கள், ஐரோப்பிய டிவிடியில் 90 என்று இருக்கும். வெட்டிவிட்டார்கள் என்று விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நொடிக்கு 24 பிரேம் எடுத்த படத்தை ஐரோப்பிய டிவிடி 25 பிரேமாக ஓட்டும். நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடும், நிமிடம் குறையும். தனியாகச் சப்டைட்டில் கோப்பு இறக்கி வைப்பவர்களுக்கும் வினை இதே கணக்கில்தான். ஒரு வேகத்துக்குச் செய்த கோப்பை இன்னொரு வேகப் பிரதியில் போட்டால் முதல் பத்து நிமிடம் சரியாக இருப்பது போலத் தோன்றும், கடைசி ரீலில் மூன்று நாலு நிமிடம் தள்ளி நிற்கும். நான் ஒரு படத்தின் முடிவை, செத்தவன் பேசுவதாக நினைத்துக்கொண்டு பார்த்தேன். புனுவல் படம் என்பதால் சந்தேகமே வரவில்லை.

வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைத்தால் அடையாள ஆவண நகல் கேட்பார்கள். ஆதார், பான், பாஸ்போர்ட் இவற்றில் எது அனுப்பினாலும், பார்சலில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். எனக்குப் பார்சலில் முழுப்பெயர், ஆவணத்தில் இனிஷியல். அத்தோடு முகவரியும் பழையது. 11 நாள் கிடங்கில் கிடந்தது. சுங்க வரியையும் சேர்த்தே விலையைக் கணக்குப் போடுங்கள். ஒரு டிஸ்க்காக வரவழைக்காமல் மூன்று நான்கு சேர்த்து வரவழைத்தால் கூரியர் கட்டணம் மட்டும் மிச்சமாகும், வரி குறையாது.

2. மெக்சிகோவில் தொடங்குங்கள்

முதல் படம் ‘லாஸ் ஓல்விதாதோஸ்’, மறக்கப்பட்டவர்கள் என்று பொருள். 1950, 80 நிமிடம். மெக்சிகோ நகரத்துச் சேரிச் சிறுவர்களின் கதை. கதை என்று ஒன்று நேராக இருக்கிறது, யாருக்கும் புரியும்.

தொடக்கத்தில் நியூயார்க், பாரிஸ், லண்டன் என்று நகரங்களைக் காட்டி ஒரு குரல் உபதேசம் செய்யும். அரசாங்கச் செய்திப்படம் என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள்.

1946-இல் மெக்சிகோவுக்கு வந்தபோது புனுவல் பல வருஷங்களாகத் தன் பெயரில் படமே எடுக்காதவர். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் வேலை, ஹாலிவுட்டில் டப்பிங் வேலை என்று ஓட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்கார் டான்சிகர்ஸ் என்ற தயாரிப்பாளருக்காக முதலில் ஒரு பாட்டுப் படம் எடுத்தார், ஓடவில்லை. அடுத்து ஒரு குடும்பக் காமெடி, நன்றாக ஓடியது. அந்த வெற்றியின் பலத்தில்தான் இந்தச் சேரிக் கதைக்கு அனுமதி கிடைத்தது. 21 நாளில் எடுத்து முடித்தார். மெக்சிகோவை அவமதித்துவிட்டான் என்று கூச்சல் கிளம்பியது, சில நாளில் தியேட்டரை விட்டுத் தூக்கினார்கள். மறு வருடம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு. கவிஞர் ஒக்தாவியோ பாஸ் படத்தைப் பாராட்டித் தானே ஒரு கட்டுரை எழுதி, விழாவில் வந்தவர்களுக்கு விநியோகித்தார். பரிசு வந்ததும் அதே தியேட்டர்கள் கதவைத் திறந்தன. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

பார்க்கும்போது ஒரு ஐம்பது பெசோ நோட்டை மட்டும் கவனியுங்கள். சீர்திருத்தப் பள்ளியின் தலைவர் பெத்ரோ என்ற பையன் கையில் அந்த நோட்டைக் கொடுத்து, ‘போய் சிகரெட் வாங்கிக்கொண்டு வா’ என்று கேட்டைத் திறந்துவிடுகிறார். பையனை யாருமே இதுவரை நம்பியதில்லை. அவன் நோட்டை மடித்துக்கொண்டு நடக்கிறான். திரும்பி வந்துவிடுவான், நமக்கே தெரிகிறது. வாசலில் காத்திருப்பவன் வேறு ஒருத்தன். படத்தின் அரக்கத்தனம் இங்கே இருக்கிறது. இதே பள்ளியில் பெத்ரோ கோபத்தில் ஒரு முட்டையைக் கேமராவின் மீதே எறிவான், மஞ்சள் கரு லென்ஸில் வழியும். பலரும் அதைத்தான் சொல்லிச் சிலாகிப்பார்கள். எனக்கு அந்த நோட்டுதான்.

பொறி ஒன்று உண்டு. இந்தப் படத்துக்கு இரண்டு முடிவுகள் இருக்கின்றன. எதிர்ப்புக்குப் பயந்து சுபமான முடிவு ஒன்றையும் எடுத்து வைத்திருந்தார்கள். பயன்படுத்தப்படாமல் பல பத்தாண்டுகள் கிடந்து, மெக்சிகோ தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் திரைப்படக் காப்பகத்தில் கிடைத்தது. சில பிரதிகளில் அது கூடுதல் இணைப்பாக இருக்கும். முதலில் அதைத் தொடாதீர்கள்.

அடுத்த வாரம் ‘எல்’. 1953, 92 நிமிடம், அவன் என்று பொருள். சந்தேகப் புருஷனின் கதை. ஊரே மதிக்கிற, கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிற மனிதர் வீட்டுக்குள் என்ன செய்கிறார் என்பதுதான் படம். சாவித்துவாரத்தில் நீளமான ஊசியை நுழைக்கும் காட்சிக்கு என் அக்கா சத்தம் போட்டுச் சிரித்தாள், பிறகு சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாள். மூன்றாவது ‘நசாரின்’, 1959-இல் கான் விழாவில் பரிசு வாங்கிய படம். கிறிஸ்துவைப் போலவே வாழ நினைக்கும் ஒரு பாதிரியாரின் பயணம். இதன் முடிவில் வரும் முரசுச் சத்தம் புனுவலின் சொந்த ஊரான காலந்தாவுடையது. அரகோன் பகுதியில் இருக்கும் அந்த ஊரில் புனித வெள்ளி மதியம் தொடங்கி மறுநாள் வரை ஊரே கூடி முரசடிக்கும். கை தோல் கிழிந்து ரத்தம் வரும் வரை அடிப்பவர்கள் உண்டு. அந்தச் சத்தத்தை அவர் பல படங்களில் வைத்திருக்கிறார். ஹெட்போனில் கேளுங்கள்.

3. கூலிப் படம் என்று ஒதுக்காதீர்கள்

அவருடைய 32-இல் 20 படங்கள் மெக்சிகோவில் எடுத்தவை. பல புத்தகங்கள் அவற்றில் பாதியை வயிற்றுப்பாட்டுக்கு எடுத்தது என்று ஒரே வரியில் தள்ளிவிடும். நேரம் இருந்தால் இரண்டைப் பாருங்கள், 12 படக் கணக்கில் இவை சேராது. ஒன்று, நான் மேலே சொன்ன குடும்பக் காமெடி, ‘எல் கிரான் கலவெரா’, 1949. குடிகாரப் பணக்காரரைத் திருத்த, சொத்தெல்லாம் போய்விட்டதாகக் குடும்பமே நாடகமாடும். அவருக்கு அது தெரிந்ததும் அதே நாடகத்தை அவர்கள் மேலேயே திருப்பிவிடுவார். ஐம்பதுகளின் தமிழ்ப் படம் ஒன்றுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். இன்னொன்று டிராம் வண்டிப் படம், 1954. உடைக்கப்போகிற பழைய டிராமை இரண்டு தொழிலாளிகள் குடிபோதையில் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஏறுகிறவர்களிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்க மறுக்கிறார்கள், அதில் ஒரு சண்டை. வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய புனுவல் படம் இது.

4. ‘விரிதியானா’வை இரண்டு தடவை பாருங்கள்

1961, 90 நிமிடம். ஒரே ஒரு டிஸ்க்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

இதன் ஆவணக் கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ருசி இரட்டிப்பாகும். சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆண்ட ஸ்பெயின், நாடு விட்டு ஓடிய புனுவலைத் திரும்பி வந்து படமெடுக்க விட்டது. உள்ளூர்த் தயாரிப்பு நிறுவனங்களோடு, நாயகி சில்வியா பினாலின் கணவர் குஸ்தாவோ அலாத்ரிஸ்தே மெக்சிகோவிலிருந்து பணம் போட்டார். எழுதிய கதை தணிக்கைக்குப் போனது. கடைசிக் காட்சியை மட்டும் ஏற்கவில்லை. துறவு மடத்துக்குப் போக இருந்த விரிதியானா ராத்திரி தன் மாமன் மகன் அறைக் கதவைத் தட்டுவாள், கதவு திறக்கும், உள்ளே போவாள், கதவு மூடும். கூடாது என்றார்கள். சரி என்று மாற்றி எழுதினார். கதவைத் தட்டுகிறாள். உள்ளே ஏற்கெனவே வேலைக்காரி இருக்கிறாள். மாமன் மகன் இருவரையும் உட்காரவைத்துச் சீட்டுக் கலைக்கிறான். மூன்று பேரும் சீட்டாடுகிறார்கள். கேமரா மெல்லப் பின்னால் போகிறது. தணிக்கைக்குத் திருப்தி. அதிகாரிகள் சொல்லி மாற்றிய முடிவு முதலில் எழுதியதைவிட எத்தனை மடங்கு விஷமம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெயினின் அதிகாரபூர்வப் படமாக விழாவின் கடைசி நாளில் கான் நகரில் திரையிட்டார்கள். விழாவின் முதல் பரிசான தங்கப்பனை கிடைத்தது, ஒரு பிரெஞ்சுப் படத்தோடு பகிர்ந்துகொண்டு. ஸ்பெயினின் திரைப்படத் துறைத் தலைமை அதிகாரியே மேடையேறி வாங்கினார். அடுத்து வாடிகன் நாளிதழ் படத்தைக் கண்டித்து எழுதியது. அதிகாரிக்கு வேலை போயிற்று. படம் ஸ்பெயினில் தடை. ஸ்பானிய ஜனங்கள் அதைத் தியேட்டரில் பார்த்தது 1977-இல், ஃபிராங்கோ செத்த பிறகு. நடுவில் அந்தப் படம் உயிரோடு இருந்ததற்குக் காரணம், அலாத்ரிஸ்தேயின் பணத்தால் அதற்கு மெக்சிகோ படம் என்ற அடையாளமும் இருந்தது. ஒரு படத்துக்கு இரண்டு பாஸ்போர்ட் இருப்பதன் பலன்.

முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். இரண்டாவது தடவை ஒரு ஸ்கிப்பிங் கயிற்றை மட்டும் பின்தொடருங்கள். மரக் கைப்பிடி வைத்த கயிறு, வேலைக்காரியின் சின்னப் பெண் குதிப்பதற்காகக் கொடுத்தது. அது யார் யார் கைக்குப் போகிறது, ஒவ்வொருவரும் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். படத்தில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிச்சைக்காரர்களின் விருந்து, அதில் வரும் கடைசி இராப்போஜன உருவகம் எல்லாம் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும். கயிறு கண்ணில் பட்ட பிறகு எனக்கு அவை இரண்டாம் பட்சமாகிவிட்டன.

5. உங்கள் டிஸ்க் பழுதாகவில்லை

‘எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்’, 1962, 93 நிமிடம். விருந்துக்கு வந்த பணக்காரர்கள் அறையை விட்டு வெளியே போக முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். கதவு திறந்தேதான் இருக்கிறது.

தொடக்கத்தில் விருந்தினர்கள் மாளிகைக்குள் நுழைந்து படியேறுவார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் நுழைந்து படியேறுவார்கள். நான் ரிமோட்டை எடுத்து முன்னும் பின்னும் ஓட்டி, டிஸ்க்கைத் துணியால் துடைத்துத் திரும்பப் போட்டேன். மனதுக்கு ஆறுதலான செய்தி: புனுவலின் ஒளிப்பதிவாளரே படத்தொகுப்பில் ஏதோ பிழை என்று அவரிடம் பதறிப்போய்ச் சொன்னாராம். வேண்டுமென்றே செய்ததுதான். ரிமோட்டைக் கீழே வையுங்கள். மேலும் பல இடங்களில் பேச்சும் செயலும் இப்படித் திரும்ப வரும்.

பண விஷயம் இங்கே ஒன்று. ஆடம்பர விருந்தைக் காட்டும் இந்தப் படத்துக்கு நல்ல மேஜைத் துணி வாங்கக்கூடக் காசில்லை என்று புனுவல் தன் சுயசரிதையில் குறைப்படுகிறார். கைதுடைக்கும் நல்ல துணி ஒன்றுதான் கிடைத்ததாம், அதுவும் ஒப்பனை செய்த பெண்ணிடம் கடன் வாங்கியது. லண்டனிலோ பாரிஸிலோ எடுத்திருக்க வேண்டிய படம் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கென்னவோ அந்த வறுமைதான் படத்துக்குப் பொருத்தம் என்று படுகிறது. அவர்களுடைய பணக்காரத்தனமே இரவல் போல இருக்கிறது.

அடுத்து ‘சைமன் ஆஃப் தி டெசர்ட்’, 1965. வெறும் 45 நிமிடம். பாதிப் படம் என்று பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள், முழுப் படமே அவ்வளவுதான். பாலைவனத்தில் தூணின் மேல் நின்று தவம் செய்யும் துறவியின் கதை. அலாத்ரிஸ்தேக்குப் பணம் முடைப்பட்டது, எழுதியதில் பெரும்பகுதியை எடுக்க முடியவில்லை. அதனால் முடிவு திடீரென்று வரும், விமானத்தில் ஏறி. வெனிஸ் விழாவில் பரிசும் வாங்கியது. வேலை நாளில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கத் தோதான ஒரே புனுவல் படம்.

6. பிரெஞ்சுக் காலம்: மூன்று போதும்

இப்போது காசுக்குக் கவலையில்லை. செர்ஜ் சில்பர்மன் என்ற தயாரிப்பாளர், ஜான்-குளோத் கரியேர் என்ற எழுத்தாளர் இருவரும் கூட வருகிறார்கள். மொழியும் பிரெஞ்சு. வண்ணம், பெரிய நட்சத்திரங்கள், பளபளப்பான வரவேற்பறைகள். டப்பிங் செய்த ஆங்கிலப் பிரதி மலிவாகக் கிடைக்கும். வேண்டாம்.

‘பெல் து ஷூர்’, 1967. இதற்கு மட்டும் பணம் ஹக்கீம் சகோதரர்களுடையது. கத்ரீன் தெனெவ் நடித்தது, வெனிஸில் முதல் பரிசான தங்கச் சிங்கம் வாங்கியது. விபசார விடுதிக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டுவார், உள்ளே ஏதோ ரீங்காரமிடும். என்ன என்று கடைசி வரை காட்ட மாட்டார்கள். உலகம் முழுக்கக் கேட்டுப் பார்த்தும் புனுவல் சொல்லவில்லை, நீங்களும் தேட வேண்டாம். குழந்தைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.

‘டிஸ்க்ரீட் சார்ம் ஆஃப் தி பூர்ஷ்வா’, 1972. ஆறு பேர் சாப்பிட உட்காருகிறார்கள், ஒரு தடவைகூட முழுதாகச் சாப்பிட முடிவதில்லை. சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். பசியோடு உட்காராதீர்கள். சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் இதற்குத்தான். விருது அறிவிக்கும் முன்னமே, கேட்ட 25,000 டாலரைக் கொடுத்துவிட்டேன், அமெரிக்கர்கள் வாக்குத் தவற மாட்டார்கள் என்று மெக்சிகோ நிருபர்களிடம் விளையாட்டாகச் சொன்னார். அவர்கள் அப்படியே அச்சிட, பெரிய ரகளை ஆகிவிட்டது.

கடைசிப் படம் ‘தட் அப்ஸ்கியூர் ஆப்ஜெக்ட் ஆஃப் டிசையர்’, 1977. கொன்சித்தா என்ற ஒரே பெண்ணாக இரண்டு நடிகைகள் மாறி மாறி வருவார்கள், கரோல் பூக்கேயும் ஆஞ்செலா மொலினாவும். கதைக்குள் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. அக்கா தங்கை என்று நினைத்து நான் அரை மணி நேரம் குழம்பினேன். முதலில் நடித்துக்கொண்டிருந்த மரியா ஷ்னைடரோடு ஒத்துவராமல் படப்பிடிப்பு நின்றுபோனது. மாட்ரிட் மதுக்கடை ஒன்றில் சில்பர்மன் சோகமாக உட்கார்ந்திருந்தபோது, ரெண்டு பேரைப் போடலாமே என்று புனுவல் சொன்னதில் பிறந்தது இந்த ஏற்பாடு. நின்றுபோகிற படத்தில் போட்ட பணத்தைக் காப்பாற்ற இப்படியும் ஒரு வழி.

7. இப்போது முதல் படங்கள்

ஒன்பது படம் முடிந்துவிட்டது. இப்போது 1929-க்குப் போங்கள், பயம் இருக்காது.

‘அன் ஷியன் ஆண்டலூ’, அண்டலூசிய நாய். ஓவியர் சால்வதோர் தாலியோடு சேர்ந்து ஒரு வாரத்துக்குள் எழுதியது. பகுத்தறிவுக்கு உட்பட்டு விளக்கக்கூடிய எந்தக் காட்சியும் இருக்கக் கூடாது என்பதுதான் இருவரும் போட்டுக்கொண்ட ஒரே விதி. நாங்கள் மாடியில் இரண்டு மணி நேரம் அர்த்தம் தேடிய படம் இதுதான்! பணம் அவருடைய அம்மா கொடுத்தது. அதில் பாதியை இரவு விடுதிகளில் தொலைத்துவிட்டு மிச்சத்தில் எடுத்ததாக அவரே சொல்கிறார். கிழிபடுவது செத்த கன்றின் கண். நடுவில் ‘எட்டு வருடங்களுக்குப் பிறகு’, ‘பதினாறு வருடங்களுக்கு முன்பு’ என்று அட்டை வரும். காகிதம் எடுத்துக் கணக்குப் போட வேண்டாம். 16 நிமிடப் பிரதியும் உண்டு, 21 நிமிடப் பிரதியும் உண்டு, ஓட்டும் வேகம்தான் வித்தியாசம். இசையைச் சரிபாருங்கள். முதல் திரையிடலில் புனுவல் திரைக்குப் பின்னால் கிராமபோனில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரையும் அர்ஜென்டினா டாங்கோ நடன இசையையும் மாற்றி மாற்றிப் போட்டார். ஜனங்கள் அடிக்க வந்தால் எறிய, சட்டைப் பையில் கற்கள் வைத்திருந்தாராம். 1960-இல் அதே இசையைச் சேர்த்து வெளியிட்ட பிரதிதான் சரியானது. யாரோ சேர்த்த பியானோவோடு இணையத்தில் கிடப்பதை விடுங்கள்.

‘லாஜ் தோர்’, பொற்காலம், 1930, 63 நிமிடம். செலவு நொவாய் என்ற பிரெஞ்சுப் பிரபுவுடையது. வலதுசாரிக் கும்பல் தியேட்டருக்குள் புகுந்து திரையில் மை வீசியது, கூடத்தில் மாட்டியிருந்த ஓவியங்களைக் கிழித்தது. சில நாளில் பாரிஸ் போலீஸ் தடை போட்டது. தடை நீங்கிப் பாரிஸில் பொதுத் திரையிடலுக்கு வந்தது 1981-இல்.

கடைசியாக ‘லாஸ் ஊர்தெஸ்’, 1933, அரை மணி நேர ஆவணப்படம். ஸ்பெயினின் ஒரு மலைப்பகுதி ஜனங்களின் வறுமையைக் காட்டுவது. ரமோன் அசீன் என்ற அனார்கிஸ்ட் (அரசே வேண்டாம் என்னும் கொள்கைக்காரர்) ஆசிரியர், லாட்டரி விழுந்தால் உன் படத்துக்குக் காசு தருகிறேன் என்றார். விழுந்தது. சொன்னபடி 20,000 பெசேட்டா கொடுத்தார். தொகுப்புக் கருவி வாங்கக் காசில்லாமல் புனுவல் சமையலறை மேஜையில் பூதக்கண்ணாடி வைத்துப் படத்தை வெட்டி ஒட்டினார். அப்போதைய குடியரசு அரசாங்கமே நாட்டுக்கு இழுக்கு என்று தடை செய்தது. 1936-இல் உள்நாட்டுப் போர் தொடங்கிய சில வாரங்களில் அசீனைச் சுட்டுக் கொன்றார்கள்.

இதைப் பார்க்கும்போது ஒரு இடத்தில் நிறுத்திப் பாருங்கள். மலை ஆடு கால் தவறி விழுவதாக வர்ணனை சொல்லும். ஆடு சரியும் அந்த நொடி, திரையின் வலது ஓரத்தில் வெள்ளையாகப் புகை ஒன்று எழும். துப்பாக்கிப் புகை. சுட்டது படக்குழு. மிருகங்களின் சாவு தாங்காதவர்கள் இந்தப் படத்தைத் தவிர்த்துவிடுங்கள், கழுதைக் காட்சி இதைவிட மோசம்.

8. புத்தகம் கடைசியில்

அவருடைய சுயசரிதை 1982-இல் பிரெஞ்சில் வந்தது, கரியேரோடு உட்கார்ந்து சொல்லி எழுதியது. ஆங்கில மொழிபெயர்ப்பு எளிதாகக் கிடைக்கும். பழைய புத்தகக் கடையில் 350 ரூபாய்க்கு நான் வாங்கினேன். படங்களுக்கு முன்னால் படித்தால் எல்லா முடிவும் தெரிந்துவிடும், அதனால் 12-ஐ முடித்துவிட்டு எடுங்கள். சொந்தக் கதையில் மிகையாகச் சொல்லக் கூச்சப்படாத மனிதர் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காக்டெயில் கலப்பது பற்றியே சில பக்கம் இருக்கிறது.

என் மொத்தச் செலவு: ஐந்து டிஸ்க், மூன்று மாத ஓடிடி சந்தா, ஒரு பிளேயர், இந்தப் புத்தகம், எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அதில் பிளேயர் மட்டும் பாதி. முன்யோசனையோடு செய்திருந்தால் இரண்டு டிஸ்க்கும் சந்தாவுமாக 6,000-க்குள் முடிந்திருக்கும். அலமாரியில் சும்மா இருந்த அந்த ஏ மண்டல டிஸ்க்கை இப்போது மாடிக்காரர்களில் ஒருவன் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். டீ குடிக்கப் போனவன்தான்.